தொடர்களுக்குள் ஒளியும் மனம்

உலக சுகாதாரப் பேரவை 2019ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் கூடி, நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பை ஏற்றுக்கொண்டபோது, மதுவையோ அபினையோ ஒருநாளும் தீண்டாத ஒருவர்கூட, வெறும் பழக்கமொன்றினால், குடிக்கு அடிமையானவருக்கு நிகரான நிலையை அடைந்துவிடக்கூடும் என்ற அபிப்பிராயம் சர்வதேச அங்கீகாரத்தைப் பெற்றது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலிருக்கும் அந்தப் பட்டியலில், சூதாட்டக் கோளாறும் கணினி விளையாட்டுக் கோளாறும், போதைப் பொருள்களால் விளையும் வியாதிகளுக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும் சூதாட்டத்தை இவ்விதமே சேர்த்துக்கொண்டு, இணைய விளையாட்டை மேலும் ஆராயத்தக்க விஷயங்களின் வரிசையில் நிறுத்தியிருந்தது. இவ்விரண்டிலும் இடம்பெறாத ஒரு பழக்கத்தைப் பற்றியே இங்கே விசாரிக்க விரும்புகிறேன். ஒரு வெப் சீரீஸின் எபிசோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இரவு கழிந்து பொழுது விடிவதையும் பொருட்படுத்தாமல், பார்த்துத் தீர்க்கும் அந்தப் பழக்கத்தை நகரத்து இளைஞர்கள் ‘பிஞ்ச் வாட்சிங்’ என்கிறார்கள். காலின்ஸ் அகராதியார் 2015ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக இதையே தேர்ந்தெடுத்தார்கள். வாழ்க்கையின் உபத்திரவங்களைச் சற்று மறந்திருப்பதற்காக ஒருவர் மேற்கொள்ளும் இந்தக் காரியம் மெய்யான அடிமைத்தனமாக முற்றக்கூடுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேடப் புகுமுன், வைத்திய சாஸ்திரம் அடிமைத்தனத்திற்குக் கூறும் லட்சணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டுக் கோளாற்றைப் பொறுத்தவரை மூன்று குறிகளை அந்த வகைப்பாடு கேட்கிறது: எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் நீடிப்பது, எங்கே நிறுத்துவது என்ற விஷயங்களில் ஒருவர் தம் ஸ்வாதீனத்தை இழந்திருக்க வேண்டும், பிற ஈடுபாடுகளும் அன்றாடக் கடமைகளும் அதன் பொருட்டுப் பின்தள்ளப்பட்டிருக்க வேண்டும், அதனால் தீங்கு விளைவது கண்கூடாகத் தெரிந்த பிறகும் அது தொடர வேண்டும். இந்நிலை சாதாரணமாக ஓராண்டேனும் நீடித்து, குடும்பம், படிப்பு, தொழில் முதலியவற்றைக் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. இத்தனை மணி நேரத்துக்கு மேற்பட்டால் வியாதி என்ற கணக்கு அதில் எங்கும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றி மருத்துவரிடம் புகார் சொல்லவரும் பெற்றோர் முதலில் கூறுவது மணிக் கணக்கைத்தான். மருத்துவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியதும் அதுவே.

கதையில் மூழ்கியவர்களைப் பற்றிய கவலை நம் காலத்தில் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஜெர்மானிய நாடுகளின் போதகர்களும் வைத்தியர்களும், நாவல் வாசிப்பு ஒரு தொற்றுநோய்போல் பரவுகிறதென்றும், அது பெண்களையும் இளைஞர்களையும் கெடுக்கிறதென்றும் சலிக்காமல் எழுதிவந்தார்கள். 1940களில் ஹெர்டா ஹெர்ஸாக் என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்க வானொலியில் பகல்நேரத்தில் ஒலிபரப்பான தொடர் நாடகங்களைக் கேட்டுவந்த குடும்பப் பெண்களை நேரில் விசாரித்து, அவர்கள் அந்நாடகங்களில் தம் துக்கத்தை இறக்கிவைக்கிறார்கள் என்றும், தமக்குக் கிட்டாதவற்றைக் கற்பனையில் அடைகிறார்கள் என்றும், ஆச்சரியப்படும்படியாக, வீட்டு விவகாரங்களில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அவற்றிலிருந்து யோசனையும் பெறுகிறார்கள் என்றும் கண்டறிந்தார். தமிழர்களுக்கும் இது புதிய அனுபவமன்று. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வெளிவந்தபோது அடுத்த இதழுக்காகக் காத்துக் கிடந்தவர்களின் பிள்ளைகள், பத்திரிகைத் தாள்களைக் கிழித்துத் தைத்த பைண்டு புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து, சோறு தண்ணீரை மறந்து ஒரே மூச்சில் படித்து முடித்தார்கள். அவர்களை நோயாளிகள் என்று யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அப்படியானால் தப்பித்தல் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எலிஹு காட்ஸும் டேவிட் ஃபோக்ஸும் 1962இல் எழுதிய ஒரு கட்டுரை, அறுபது ஆண்டுகள் கடந்தும், இந்த விஷயத்தில் ஏற்படும் குழப்பத்தைத் தெளிவிக்கப் பயன்படுகிறது. தப்ப வேண்டுமென்ற உந்துதல் வேறு, அந்த உந்துதலால் ஒருவர் நாடும் கதையின் தன்மை வேறு, அதைப் பார்த்து முடித்தபின் அவர் வாழ்க்கையில் நிகழும் விளைவு வேறு என்பது அவர்கள் வாதம். மனம் சலித்து ஓடிப்போகிற ஒருவர் திரும்பி வரும்போது தெம்புடன் வரலாம். எந்தச் சலிப்புமின்றி வேடிக்கையாகத் தொடங்கிய ஒருவர் கடைசியில் தம் கடமைகள் எல்லாவற்றிலிருந்தும் விலகிப்போயிருக்கலாம். உந்துதலைக் கண்டவுடனே விளைவையும் அனுமானித்துவிடுவது தர்க்கப் பிழை. இன்று இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது அந்தப் பிழையைத்தான்.

விளைவை அளந்து பார்க்க முயன்றவர்களில் ராபர்ட் குபேயும் மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயும் முக்கியமானவர்கள். அவர்கள் தம் ஆய்வில் பங்கேற்றவர்களிடம் பேஜர் போன்ற சிறு கருவியைக் கொடுத்து, நாளில் எதிர்பாராத பல வேளைகளில் அது ஒலிக்கும்படி செய்து, ஒலித்த கணத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனநிலை எப்படியிருந்தது என்பதைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வேளைகளில் மனிதர்கள் இளைப்பாறியவர்களாகவும் செயலற்றவர்களாகவும் இருந்தார்கள் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெட்டியை அணைத்தவுடன் அந்த இளைப்பாறுதல் நின்றுவிடுகிறது, ஆனால் சோர்வும் மந்தமும் நீடிக்கின்றன என்பதே ஆச்சரியம். விளையாட்டிலோ விருப்பமான பொழுதுபோக்கிலோ ஈடுபட்டவர்கள் முடிந்தபின் மேலான மனநிலையில் இருந்ததாகக் கூற, தொலைக்காட்சி பார்த்தவர்கள் அப்படிக் கூறவில்லை. பார்க்கத் தொடங்கிய சில கணங்களிலேயே நிம்மதி கிடைப்பதாலும், நிறுத்திய கணத்திலேயே அது பறிபோவதாலும், பார்ப்பதே நிம்மதி, நிறுத்துவதே உபத்திரவம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. உடம்பில் விரைவாகப் பரவி விரைவாகவே வடிந்துவிடும் மருந்துகள் மெதுவாக வேலை செய்யும் மருந்துகளைக் காட்டிலும் அதிகமாக மனிதர்களைப் பிடித்துக்கொள்வதை அவர்கள் இதற்கு ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2002இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவர்கள் இதை எழுதிய காலத்தில், அடுத்த எபிசோடுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு வாரத்தின் மதிப்பு என்னவென்பதை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஹார்வத்தும் அவருடன் உழைத்தவர்களும் செய்த பரிசோதனை ஒன்று அழகாகப் புலப்படுத்துகிறது. பனிப்போர்க் காலத்து ஒற்றர்களைப் பற்றிய ‘தி கேம்’ என்ற ஆறு எபிசோடுத் தொடரை 51 மாணவர்கள் மூன்று பிரிவினராகப் பார்த்தார்கள்; ஒரு பிரிவினர் வாரம் ஒன்றாக, இன்னொரு பிரிவினர் நாளொன்றாக, மூன்றாம் பிரிவினர் ஒரே அமர்வில். ஒரே அமர்வில் பார்த்தவர்களுக்கு மறுநாள் கதை மிக நன்றாக நினைவிலிருந்தது. நூற்று நாற்பது நாட்களுக்குப் பிறகு விசாரித்தபோதோ அவர்கள் நினைவே மற்றவர்களுடையதைவிட வேகமாகத் தேய்ந்துபோயிருந்தது. இதைக் காட்டிலும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று: ஒரே அமர்வில் பார்த்தவர்கள், நாளொன்றாகவும் வாரமொன்றாகவும் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அந்தத் தொடரை ரசித்ததாகக் கூறினார்கள். சிறிய பரிசோதனைதான்; ஐம்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது. ஆயினும் ரசிப்பது குறையும்போது பார்ப்பது ஏன் குறைவதில்லை என்ற கேள்வியை அது நம் முன் நிறுத்துகிறது.

நரம்பியல் அறிஞர்களான கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1993 முதல் வற்புறுத்திவரும் கொள்கை ஒன்று இக்கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. ஒரு பொருளின்மேல் எழும் இச்சையும் அப்பொருளை அனுபவிக்கையில் கிடைக்கும் சுகமும் மூளையில் ஒன்றே அல்லவென்றும், போதைப் பழக்கம் முற்ற முற்ற இச்சை பெருகிக்கொண்டே போக, சுகம் அதனுடன் கூடவே வளராமல் நின்றுவிடுகிறதென்றும் அவர்கள் காட்டினார்கள். டோபமைன் என்றாலே இன்பம் என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லிவருவது இதனால் பெரிதும் பிழையாகிறது. அவர்கள் கணக்கில் அது பெரும்பாலும் இச்சையின் பக்கத்தைச் சேர்ந்தது. போதைப் பொருள்களைக் கொண்டு நிலைநாட்டப்பட்ட இந்தக் கொள்கையை வெப் சீரீஸுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. எனினும், நான்காவது எபிசோடிலிருந்தே சலிப்புத் தட்டிவிட்டதென்று ஒப்புக்கொண்டும் பத்தாவது வரை பார்த்து முடித்த நண்பர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களை வேறெவ்விதத்தில் விளக்குவது?

இச்சை தானாகப் பெருகுகிறதா, அல்லது அதைப் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்களா என்பது அடுத்த விஷயம். 2012இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், ஓர் எபிசோடு முடிந்ததும் அடுத்தது சில விநாடிகளில் தானே ஓடத் தொடங்கும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. 2013 பிப்ரவரி 1 அன்று ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் முதல் சீசனுடைய 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. இவ்விரு காரியங்களும் சேர்ந்து ஒரு பழைய ஒழுங்கைத் தலைகீழாக்கின. வாரப் பத்திரிகையிலும் தூர்தர்ஷனிலும் தொடர்ந்து போவதற்குத்தான் பிரயத்தனம் வேண்டியிருந்தது. இங்கே நிறுத்துவதற்குப் பிரயத்தனம் வேண்டியிருக்கிறது. தடைபட்ட காரியத்தை மீண்டும் எடுத்துத் தொடர வேண்டுமென்ற நாட்டம் மனிதரிடம் இயல்பாகவே உண்டென்பதை மரியா ஓவ்சியான்கினா 1928இலேயே பரிசோதனையால் காட்டினார். ஒவ்வோர் எபிசோடையும் சிக்கல் அவிழுமிடத்தில் முடிக்காமல் சிக்கல் விழுமிடத்தில் முடிக்கும் கதாசிரியர், அந்த நாட்டத்தைத் தட்டியெழுப்பிவிட்டு, மிச்ச வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். 2017இல் நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தம் முதலீட்டாளர்களிடம், தங்கள் நிறுவனம் உண்மையில் போட்டியிடுவது மனிதரின் தூக்கத்துடன்தான் என்ற பொருள்படப் பேசியதை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்வது கடினம். அதே ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லீஸ் எக்செல்மன்ஸும் யான் ஃபான் டென் புல்க்கும் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 423 பேரை ஆராய்ந்து, இவ்விதம் பார்க்கும் பழக்கம் அடிக்கடி உள்ளவர்களிடம் தூக்கத்தின் தரம் தாழ்ந்தும், பகற்சோர்வும் தூக்கமின்மையும் மிகுந்தும் இருப்பதைக் கண்டார்கள். திரையின் வெளிச்சத்தை அவர்கள் குற்றம் சொல்லவில்லை. படுத்தபின்னும் மனம் கதைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன ஆவாளோ, இவன் செய்த துரோகம் வெளிப்படுமோ என்று சுழன்றுகொண்டிருப்பதே தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இவ்வளவும் பொதுவான மனிதர்களைப் பற்றியவை. வியாதி என்று சந்தேகிக்கத்தக்க நிலையில் ஒருவர் மருத்துவரிடம் வந்த சம்பவம், 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து வெளியாகி, நாடெங்கும் பத்திரிகைகளில் பேசப்பட்டது. தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்த உதவுவதற்கென்று அங்கே 2014 முதல் ‘ஷட் கிளினிக்’ என்ற பிரிவொன்று நடந்துவருகிறது. அங்கே தாமே வந்து சேர்ந்தவர் 26 வயது இளைஞர், வேலை இல்லாதவர், ஆறு மாதங்களாக நாள்தோறும் ஏழு மணி நேரத்துக்கு மேல் நெட்ஃபிளிக்ஸ் தொடர்களைப் பார்த்துவந்தவர். கண் வலி, சோர்வு, தூக்கக் கேடு ஆகியவை உடன் வந்தன. செய்திகள் பலவும் ஏழு மணி நேரத்தையே பெரிதாக்கின. அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவ உளவியலர் மனோஜ்குமார் சர்மா கூறிய இன்னொரு விவரமோ செய்திக்குள் எங்கோ கிடந்தது. சம்பாதிக்க வேண்டுமென்று வீட்டார் நெருக்கும்போதும், தம் நண்பர்கள் முன்னேறுவதைக் காணும்போதும்தான் அவர் தொடர்களுக்குள் புகுந்தார். என் பார்வையில் இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வேலையில்லை என்ற துக்கத்தை மறக்கப் பார்த்தார். பார்த்ததனால் தூக்கம் கெட்டது, உடம்பு சோர்ந்தது. சோர்ந்த உடம்புடன் வேலை தேடுவது முன்னிலும் அரிதாயிற்று. அதனால் துக்கம் பெருகி, அதை மறக்க இன்னும் பார்க்க வேண்டியதாயிற்று. எதிலிருந்து தப்ப ஓடினாரோ அதையே ஓட்டம் வளர்த்துக் கொடுத்தது. தப்பித்தல் அடிமைத்தனத்தின் சாயலைப் பெறுவது இந்தச் சுழல் மூடிக்கொள்ளும் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு ஏழு மணி நேரம் வேண்டியதில்லை, மூன்று மணி நேரமும் போதும்.

ஆராய்ச்சியாளர்களிடையே இவ்விஷயத்தில் ஒருமித்த கருத்து இல்லை. எந்தப் பழக்கமானாலும் அதுவே வாழ்வில் முதன்மை பெறுதல், மனநிலையை மாற்றப் பயன்படுதல், அளவு ஏறிக்கொண்டே போதல், நிறுத்தினால் அவஸ்தை, பிறருடனும் தன்னுடனும் பிணக்கு, விட்டபின் மீண்டும் வீழ்தல் ஆகிய ஆறு குறிகளும் இருந்தால் அது அடிமைத்தனமே என்று பிரிட்டனின் மார்க் கிரிஃபித்ஸ் 2005இல் எழுதியதை ஒரு சாரார் பின்பற்றுகிறார்கள். இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு புறப்பட்டால் எங்கும் அடிமைகளே தென்படுவார்கள் என்று ஜோயல் பில்லியூவும் அவரைச் சேர்ந்தவர்களும் 2015இல் எச்சரித்தார்கள். அர்ஜென்டினாவின் டாங்கோ நடனத்தையும் ஓர் அடிமைப் பழக்கமோ என்று விசாரித்த ஆய்வுக் கட்டுரையே வெளிவந்திருக்கிறதென்றால், அவர்களுடைய எரிச்சல் நியாயமானதே.

அதே பில்லியூவுடன் சேர்ந்து மேவா ஃபிளயெல் செய்துவரும் ஆராய்ச்சிகளே, என் மதிப்பீட்டில், இத்துறையில் மிகுந்த நிதானத்துடன் செய்யப்பட்டவை. தொடர் பார்ப்பவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசச் செய்து, அவர்கள் வாயிலிருந்தே வினாக்களைத் தொகுத்து 2019இல் அவர்கள் அமைத்த வினாப்பட்டியல், ஈடுபாட்டையும் கட்டுப்பாடிழத்தலையும் தனித்தனியே அளக்கிறது. மிகுதியாகப் பார்த்தும் யாதொரு கேடுமின்றி ஆனந்தமாக இருக்கிறவர்கள் ஏராளம் என்பதும், கேட்டுக்கு உள்ளானவர்களைப் பிரித்துக் காட்டும் குறிகளில் ஒன்று, துன்பத்தைச் சமாளிக்கவும் தப்பவும் தொடரை நாடுவது என்பதும் அதிலிருந்து தெரியவந்தன. இதற்கு அடுத்த ஆண்டு வந்த பரிசோதனை ஒன்றின் முடிவு எதிர்பாராதது. உந்துதல் எழும்போது கையை அடக்கிக்கொள்ளும் திறமையில், கேட்டுக்கு உள்ளானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. போதைப் பழக்கங்களில் பெரும்பாலும் குன்றிக் காணப்படும் அந்த அடக்கும் சக்தி இங்கே குன்றவில்லையென்றால், இரண்டையும் ஒரே வியாதி என்று கொள்வதற்குத் தயங்க வேண்டியிருக்கிறது. கேரின் ரிடில் என்பவரும் அவர் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இன்று முழுவதும் பார்ப்பதென்று முன்கூட்டியே தீர்மானித்து உட்கார்ந்தவர்களைக் காட்டிலும், ஒன்றே ஒன்று என்று தொடங்கி உத்தேசமின்றி இழுபட்டுப் போனவர்களிடமே அடிமைத்தனத்தின் குறிகள் பொருந்திக் காணப்பட்டன. சனிக்கிழமை இரவு முறுக்கும் காபியுமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு சீசனை முடிக்கிறவர்கள் கவலையின்றி முடிக்கலாம்.

நார்வே நாட்டு உளவியலாளர் ஃப்ரூட ஸ்டென்செங் தப்பித்தலையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தன்னை விரித்துக்கொள்வதற்காக ஒன்றில் தன்னை மறப்பது ஒரு வகை. தன்னைக் காணப் பொறுக்காமல் தன்னை அமுக்கிவைப்பதற்காக மறப்பது மற்றொரு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஒரே சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே தொடரைப் பார்க்கும் அண்ணன் ஒரு வகையிலும் தங்கை மறு வகையிலும் இருக்கக்கூடும். முதல் வகையினர் எவ்வளவு பார்த்தாலும் தீங்கு சொற்பம் என்றும், இரண்டாம் வகையினருக்கே மேற்சொன்ன சுழல் மூடிக்கொள்கிறதென்றும் கொண்டால், முரண்போலத் தோன்றும் ஆராய்ச்சி முடிவுகள் பலவும் ஓரளவு இணங்கிவருகின்றன. ஆகவே, அடிமையாகக்கூடுமா என்ற கேள்விக்கு, சொற்பமான சிலர் அந்நிலையை ஒத்ததோர் அவஸ்தையை அடைகிறார்கள் என்றும், அதற்கு அடிமைத்தனம் என்ற பெயரைச் சூட்டப் போதிய பிரமாணம் இன்னும் சேரவில்லை என்றும் விடை சொல்லலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், பெயர் வைத்தியத்தின் திசையை மாற்றிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடரே விஷமென்று முடிவு செய்தால், சந்தாவை நிறுத்தி, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதோடு காரியம் முடிந்ததாகிவிடும். வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படைவீரர்களை 1970களில் ஆராய்ந்த லீ ராபின்ஸ், அங்கே ஹெராயின் முதலிய போதைகளுக்குச் சுமார் 20 விழுக்காட்டினர் அடிமையாகியிருந்தும், தாய்நாடு திரும்பிய முதலாண்டில் அப்படி அடிமையானவர்களுள் சுமார் 5 விழுக்காட்டினரே மீண்டும் அந்நிலையை அடைந்தார்கள் என்று கண்டறிந்தபோது, வைத்திய உலகம் முதலில் நம்ப மறுத்தது. பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறாமலே விட்டிருந்தார்கள். ஹெராயினைப் பொறுத்தே இப்படியென்றால், ஒரு திரைத்தொடரைப் பொறுத்து மனிதர் நிற்குமிடத்தை விசாரியாமல் பொருளை மட்டும் பழிப்பது எவ்விதம் பொருந்தும்? படைவீரர்களுக்காவது விட்டு வருவதற்கு ஒரு போர்க்களம் இருந்தது. வேலையின்மையையும் வீட்டாரின் ஏச்சையும் அவ்விதம் கப்பலேறிக் கடந்துவிட முடியாது. அத்தகையவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த நேரத்தில், யாருடன் பேசிய பிறகு, எந்த நினைப்பு வந்தவுடன் கை திரையை நாடுகிறது என்பதே. சிகிச்சையும் அங்கிருந்து புறப்பட்டு, தூங்கும் நேரத்தைச் சீராக்குவது, வேலைக்கு வழி தேடுவது, அடிப்படையில் மனச்சோர்வு இருந்தால் அதற்குரிய மருத்துவம் செய்வது என்று போக வேண்டியிருக்கும். இதுவரை வந்த ஆய்வுகளில் மிகப் பல, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் ஒரே ஒரு முறை வினாத்தாளைக் கொடுத்து வாங்கியவை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் 18 முதல் 29 வயதுக்குட்பட்ட 316 பேரிடம் விசாரித்து, தனிமையும் மனச்சோர்வும் உள்ளவர்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்று 2015இல் அறிவித்தபோதும், எது முந்தியது எது பிந்தியது என்று அந்தக் கணக்கைக் கொண்டு சொல்ல இயலாமல்தான் இருந்தது. வேலை கிடைத்தபின், துக்கம் ஆறியபின் அந்தப் பழக்கம் தானே விலகுகிறதா, அல்லது காரணம் மறைந்த பிறகும் தன் பலத்திலேயே நிற்கிறதா என்பதை, அதே மனிதர்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து விசாரித்தால்தான் நிர்ணயிக்க முடியும். அத்தகைய ஆராய்ச்சிகள் இன்னும் மிகச் சொற்பமாகவே நடந்திருக்கின்றன.